ரசீது இல்லாத வியாபாரம்: ஹெர்பலைஃப் வழக்கும் அதில் பணம் போட்டவர்களும்

ஜன்னலில் திரை இருக்க வேண்டும். உள்ளே நடப்பது தெருவில் போகிறவர் கண்ணில் படக் கூடாது. வெளியே விலைப்பட்டியல் வைக்கக் கூடாது. 'திறந்திருக்கிறது' என்று பலகை மாட்டக் கூடாது.

இப்படி விதி போட்டுக் கடை திறக்கச் சொன்னால் யாராவது திறப்பார்களா? அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்கள் திறந்தார்கள். 'நியூட்ரிஷன் கிளப்' என்று அதற்குப் பெயர். ஹெர்பலைஃப் கம்பெனியின் சத்துமாவைக் கரைத்து ஷேக்காகக் கொடுக்கும் இடம். மெக்சிகோவில் தொடங்கிய இந்தப் பழக்கம், அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசும் குடியேறிகள் வாழும் பகுதிகளில் வேகமாகப் பரவியது. வாடகை கட்டுவது கிளப் நடத்துகிறவர். மாவு டப்பாக்களைக் கம்பெனியிடம் காசு கொடுத்து வாங்குவதும் அவரே. ஆனால் தெருவில் போகிறவரை உள்ளே கூப்பிட அவருக்கு வழியில்லை. கம்பெனியின் விதிகள் அந்த இடத்தைக் கடை என்றே ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த விவரங்கள் எல்லாம் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், சுருக்கமாக எஃப்டிசி, 2016 ஜூலை 15 அன்று கலிஃபோர்னியாவில் உள்ள மத்திய நீதிமன்றத்தில் தாக்கல் செய்த புகாரில் வருகின்றன. அன்றைக்கே சமரசமும் அறிவிக்கப்பட்டது. கம்பெனி 20 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது, தொழில் நடத்தும் முறையையே மாற்றிக்கொள்ளவும் சம்மதித்தது. தவறு செய்ததாக அது ஒப்புக்கொள்ளவில்லை. புகாரில் உள்ள பல விஷயங்கள் சரியல்ல என்றும் சொன்னது. ஆகவே கீழே நான் புகாரிலிருந்து எடுத்துச் சொல்வதை அந்த நினைவோடு படிக்க வேண்டும். அது ஆணையத்தின் தரப்பு.

எம்எல்எம், அதாவது ஆளுக்குக் கீழே ஆள் சேர்த்துப் பொருள் விற்கும் முறை பற்றி எச்சரிக்கை எழுத ஆயிரம் வழக்குகள் உண்டு. பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிப்போனவர்களின் கதையை எழுதுவது சுலபம். ஆனால் அதைப் படிக்கிறவர், 'நான் சேர்ந்திருப்பது அப்படிப்பட்ட கம்பெனி இல்லையே, இதில் பொருள் இருக்கிறதே, பல நாடுகளில் இருக்கிறதே' என்று நிம்மதியாகிவிடுவார். அதனால்தான் இந்த வழக்கை எடுத்தேன். 1980இல் லாஸ் ஏஞ்சலஸில் மார்க் ஹியூஸ் என்பவர் தன் காரில் பொருளை வைத்துக்கொண்டு விற்கத் தொடங்கியதுதான் ஹெர்பலைஃப், பிறகு நியூயார்க் பங்குச் சந்தையில் இடம்பிடித்த கம்பெனி. 90க்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்குகிறது. பொருள் நிஜம், டப்பா நிஜம், அலுவலகம் நிஜம். எதுவும் ஓடிப்போகவில்லை. அப்படியிருந்தும் லட்சக்கணக்கானவர்கள் பணத்தை இழந்தார்கள் என்றால், அது எப்படி நடந்தது?

யார் வாங்கினார்கள்?

சாதாரண வியாபாரத்தில் இது கேள்வியே இல்லை. கடைக்காரர் மொத்த விலைக்கு வாங்குகிறார், சில்லறையில் விற்கிறார், நடுவில் இருப்பது லாபம். விற்காவிட்டால் அடுத்த மாதம் வாங்கமாட்டார். எனவே மொத்த வியாபாரியின் கணக்கைப் பார்த்தாலே பொருள் விற்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

எம்எல்எம்மில் இந்தக் கணக்கு குழம்பிப் போகிறது. அங்கே சேருகிறவர் பொருள் வாங்குவதற்கு விற்பனையைத் தவிர இன்னொரு காரணம் இருக்கிறது: படி ஏறுவது. வழக்குக்கு முன்பிருந்த முறைப்படி, ஹெர்பலைஃபில் புதிதாகச் சேர்ந்தவருக்கு 25 சதவீதம் தள்ளுபடி. 'சேல்ஸ் லீடர்' ஆகிவிட்டால் 50 சதவீதம், அதோடு கீழே சேர்த்தவர்கள் வாங்கும் பொருளிலிருந்தும் ஒரு பங்கு. அந்த நிலைக்கு வர, குறிப்பிட்ட காலத்துக்குள் குறிப்பிட்ட அளவு பாயிண்டுக்குப் பொருள் எடுக்க வேண்டும். பாயிண்ட் கிடைப்பது பொருளை எடுத்ததற்கு. அதை யாராவது வாங்கிச் சாப்பிட்டார்களா என்பது அந்தக் கணக்கில் இல்லை.

எஃப்டிசியின் புகார் கை வைத்தது சரியாக இந்த இடத்தில்தான். கம்பெனி தரும் ஊக்கத்தொகை, சில்லறையில் விற்றதற்குக் கிடைப்பதல்ல. ஆள் சேர்த்து, சேர்ந்தவர்களைப் பொருள் வாங்க வைத்ததற்குக் கிடைப்பது. வெளியாளிடம் விற்ற ரசீதைக் கம்பெனி அதற்கு ஆதாரமாகக் கேட்கவில்லை. கீழே இருப்பவர் வாங்கிய அன்றே மேலே இருப்பவருக்குப் பங்கு போய்விடும். டப்பா யார் வீட்டு மூலையில் கிடந்தாலும் சரி.

இதை ஒரு நிமிடம் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். அப்படியானால் அந்தக் கம்பெனியின் நிஜமான வாடிக்கையாளர் யார்? சேர்ந்தவர்தான். அவர் தன்னை வியாபாரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கம்பெனியின் கணக்கில் அவர் விற்பனை நடந்து முடிந்த இடம்.

புகாரில் இருக்கும் எண்கள் இதையே சொல்கின்றன. 2014ஆம் ஆண்டில் 'சேல்ஸ் லீடர்' என்ற நிலையில் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கம்பெனியிடமிருந்து கிடைத்த ஊக்கத்தொகை, சராசரியாக அந்த வருடம் முழுவதற்கும் 300 டாலருக்கும் குறைவு. மாதத்துக்கு அல்ல, வருடத்துக்கு. இவர்கள் அடிமட்டத்தில் இருந்தவர்களும் அல்ல, முதல் பெரிய படியைத் தாண்டி வந்தவர்கள். கிளப் நடத்தியவர்களின் கணக்கு இன்னும் வேதனையானது. ஒரு கிளப் திறக்கச் சராசரியாக ஏறக்குறைய 8,500 டாலர் செலவு. அப்படித் திறந்தவர்களில் 57 சதவீதம் பேர் லாபமே இல்லை, அல்லது நஷ்டம் என்றார்கள். இந்தத் தகவல் கம்பெனி தன் கிளப்காரர்களிடம் தானே எடுத்த கருத்துக்கணிப்பிலிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

8,500 டாலர் என்பது ஒரு குடியேறித் தொழிலாளிக்கு எத்தனை மாத மிச்சம் என்று யோசித்தால் மனசு கனக்கிறது. அதுவும் திரை போட்ட ஜன்னலுக்குப் பின்னால்.

இரண்டு கோடீஸ்வரர்கள்

இந்த வழக்கை நினைவில் வைத்திருக்கிறவர்கள் பெரும்பாலும் அதை வேறு மாதிரி நினைவில் வைத்திருப்பார்கள். 2012 டிசம்பரில் பில் ஆக்மன் என்ற முதலீட்டாளர் ஒரு கூட்டம் போட்டு, ஹெர்பலைஃப் ஒரு பிரமிட் திட்டம், அதாவது புதிதாகச் சேருகிறவர்களின் பணத்திலேயே ஓடும் மோசடி, என்று முந்நூற்றுச் சொச்சம் ஸ்லைடுகளோடு வாதாடினார். அதன் பங்கு விலை விழும் என்று 100 கோடி டாலர் பந்தயம் கட்டியிருந்தார். விலை விழுந்தால் அவருக்கு லாபம். அதை அவர் மறைக்கவும் இல்லை. கார்ல் ஐகான் என்ற இன்னொரு கோடீஸ்வரர் எதிர்த்தரப்பில் பங்குகளை வாங்கிக் குவித்தார். 2013 ஜனவரியில் இருவரும் தொலைக்காட்சி நேரலையில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். செய்தி அதுதான் ஆனது. 2014 மார்ச்சில் எஃப்டிசி விசாரணை தொடங்கியது தெரியவந்தபோதும், பங்கு ஏறுமா இறங்குமா என்பதுதான் பேச்சு. கடைசியில் ஆக்மன் நஷ்டத்தோடு 2018இல் விலகினார்.

சமரசம் அறிவித்த நாளில்கூட ஹெர்பலைஃபின் பங்கு விலை ஏறியது. கம்பெனியை மூடச் சொல்லவில்லை, 'பிரமிட்' என்ற சொல்லைப் புகாரில் எழுதவில்லை, அதனால் சந்தைக்கு நிம்மதி. அப்போதைய ஆணையத் தலைவர் எடித் ராமிரெஸ், பிரமிட் அல்ல என்று தாங்கள் தீர்மானித்ததாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று செய்தியாளர்களிடம் விளக்க வேண்டியிருந்தது.

சட்டம் எங்கே கோடு போட்டது

எம்எல்எம்மில் உள்ளவர்களிடம் பேசினால், 'இது சட்டப்பூர்வமானது, கோர்ட்டே சொல்லிவிட்டது' என்பார்கள். அது 1979ஆம் ஆண்டு ஆம்வே வழக்கில் எஃப்டிசி சொன்ன முடிவிலிருந்து வருகிறது. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்வது அவசியம், ஏனென்றால் பாதி உண்மைதான் மீட்டிங்குகளில் சொல்லப்படுகிறது.

அதற்கு நாலு வருடம் முன்பு, 1975இல், காஸ்காட் என்ற அழகுசாதனக் கம்பெனி வழக்கில் ஆணையம் பிரமிட் என்றால் என்ன என்பதை வரையறுத்தது. சேருகிறவர் பணம் கட்டுகிறார். அதற்குப் பதில் அவருக்கு இரண்டு உரிமைகள் கிடைக்கின்றன: ஒன்று பொருளை விற்கும் உரிமை. மற்றொன்று, ஆள் சேர்த்தால் பணம் பெறும் உரிமை. அந்த இரண்டாவது பணம், பொருளைக் கடைசியில் பயன்படுத்துகிறவரிடம் விற்பதோடு சம்பந்தமில்லாமல் வந்தால் அது பிரமிட்.

ஆம்வே வழக்கில் கம்பெனி தப்பித்ததற்குக் காரணம், இந்தச் சம்பந்தம் அறுந்துபோகாமல் இருக்க அது சில விதிகள் வைத்திருந்தது என்று ஆணையம் ஏற்றுக்கொண்டது. வாங்கியதில் குறைந்தது 70 சதவீதத்தை விற்றிருக்க வேண்டும். மாதம் பத்துப் பேருக்காவது சில்லறையில் விற்றிருக்க வேண்டும். விலகுகிறவரிடமிருந்து விற்காத சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதாவது அன்றைக்குக் கிடைத்த சான்றிதழ் எம்எல்எம் என்ற முறைக்கு அல்ல, அந்த விதிகளுக்கு. அதே தீர்ப்பில், வருமானத்தை மிகைப்படுத்திச் சொன்னதற்காக ஆம்வேயை ஆணையம் கண்டித்தும் இருக்கிறது. இதை மீட்டிங்கில் யாரும் வாசித்துக் காட்டுவதில்லை.

சரி, விதி புத்தகத்தில் இருக்கிறது. பத்துப் பேருக்கு விற்றீர்களா என்று நிஜமாகவே போய்ப் பார்த்தது யார்? ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றால் எல்லாரும் போடுவார்கள். படி ஏறத் துடிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரும், அதாவது சேர்ந்து விற்கிறவரும், போடுவார், அவருக்கு மேலே இருப்பவரும் கண்டுகொள்ளமாட்டார், கம்பெனிக்கும் கேட்க அவசரமில்லை. மூவருக்கும் அந்த மாதக் கணக்கு நிறைந்தால் போதும்.

ஹெர்பலைஃப் சமரசத்தின் அருமை இங்கேதான் என்று நான் நினைக்கிறேன். அது வார்த்தையை நம்பவில்லை, ரசீதைக் கேட்டது. அமெரிக்காவில் டிஸ்ட்ரிபியூட்டருக்குத் தரும் ஊக்கத்தொகையில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு, கண்காணித்துச் சரிபார்த்த சில்லறை விற்பனையிலிருந்து வர வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர்கள் தாங்களே சாப்பிட்டதற்குக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடமில்லை. கம்பெனி அளவில், நடப்பிலிருக்கும் ஊக்கத்தொகையை அப்படியே தர வேண்டுமானால், விற்பனையில் 80 சதவீதம் உண்மையான பயனாளிகளுக்குப் போயிருக்க வேண்டும். சும்மா பொருள் சாப்பிட வருகிறவரையும் தொழில் செய்ய வருகிறவரையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். இதையெல்லாம் கண்காணிக்க ஏழு வருடத்துக்கு வெளியார் ஒருவர். கிளப்புக்காக இடம் வாடகைக்கு எடுக்க ஆசைப்படுகிறவர், முதலில் ஒரு வருடம் டிஸ்ட்ரிபியூட்டராக இருந்து, தொழில் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையைப் படித்தபோது, 8,500 டாலர் போட்ட ஒவ்வொருவரும் கண்முன் வந்தார்கள். யாராவது முன்பே அவர்களை ஒரு வருடம் பொறுக்கச் சொல்லியிருந்தால்!

நோட்டில் பதினாறாவது பெயர்

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்கக் காரணம் என் பெரியம்மா மகள். அவள் சேர்ந்தது வேறொரு கம்பெனி. சேர்ந்த முதல் நாளே அவளிடம் ஒரு நோட்டு கொடுத்து, தெரிந்தவர்களில் நூறு பேர் பெயரை எழுதச் சொன்னார்கள். யோசிக்காதே, தரம் பிரிக்காதே, கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி எழுது என்றார்களாம். அதில் என் பெயர் பதினாறாவது. பிற்பாடு அந்த நோட்டை நானே பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் சின்னக் குறி. 'பேசியாச்சு', 'பிளான் காட்டியாச்சு', 'யோசிக்கிறேன்னாங்க'. எனக்கு நேரே ஒரு கேள்விக்குறி. அறுபதாவது பெயருக்குப் பிறகு குறிகளே இல்லை.

அந்த நூறு பெயர்தான் அவளுடைய உண்மையான முதலீடு. பணம் அதற்கு அப்புறம்தான். தோழிகள் போன் எடுப்பதை நிறுத்தினார்கள். சொந்தத்தில் ஒருத்தி சேர்ந்து, நஷ்டப்பட்டு, பேச்சை விட்டாள்.

மாதக் கடைசி அவளுக்குப் பயமான காலம். மேலே இருந்தவரிடமிருந்து போன் வரும்: 'இன்னும் கொஞ்சம் பாயிண்ட்தான்மா, விட்டுட்டா இந்த லெவல் போயிடும், நீயே எடுத்து வச்சுக்கோ, அடுத்த மாசம் தள்ளிடலாம்.' அவள் எடுத்து வைத்துக்கொள்வாள். கட்டிலுக்கு அடியில் பெட்டிகள் சேர்ந்தன. பாதிக்கு மேல் பயன்படுத்தும் தேதி முடிந்துபோனவை. மூன்று வருடத்துக்கு அப்புறம் விலகினாள். யாரையும் குறை சொல்லவில்லை. அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: 'நான்தான் ஒழுங்கா பண்ணல.'

ஹெர்பலைஃப் ஆவணங்களைப் படிக்கும்போது இந்த வாக்கியம் என் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. லட்சக்கணக்கானவர்கள் பணத்தை இழந்தும், ஒரு கோடீஸ்வரர் தன் லாபத்துக்காகக் கூச்சல் போடும்வரை பெரிய சத்தம் எழாததன் காரணம் இதில் இருக்கிறது. திருடு போனால் போலீஸுக்குப் போவோம். நம் முயற்சி போதவில்லை என்று நம்பினால் எங்கே போவது? மீட்டிங்குகளில் இந்த நம்பிக்கையைத் தினமும் ஊட்டுகிறார்கள். ஜெயித்தவர் மேடையில் நிற்கிறார். தோற்றவர் 'விட்டுட்டுப் போனவர்'. சந்தேகம் கேட்கும் கணவனும் அப்பாவும் 'கனவைத் திருடுகிறவர்கள்'. அப்படிப் பழகிய பிறகு நஷ்டக் கணக்கை எழுதவே கை வராது. நஷ்டத்தை ஒப்புக்கொள்வதைவிட அடுத்த மாதச் சரக்கை எடுப்பது எளிதாகத் தெரியும்.

ஆனால் அவள் ஒழுங்காகப் பண்ணியிருந்தாலும் என்ன நடந்திருக்கும்? பேப்பரில் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் ஆறு பேரைச் சேர்க்கிறார், அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரை, இப்படியே போனால் 13ஆவது வரிசையில் மட்டும் 1,306 கோடிப் பேர் வேண்டும். உலகத்தில் அத்தனை பேர் இல்லை. இது பலருக்கும் தெரிந்த கணக்கு. இன்னொன்று அதைவிட முக்கியம், அதை யாரும் பேசுவதில்லை. எத்தனை வரிசை போனாலும், எந்த நேரத்தில் நிறுத்திப் பார்த்தாலும், மொத்த ஆட்களில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு கடைசி வரிசையில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே யாரும் இல்லை. எல்லாரும் உழைப்பாளிகளாக, நல்லவர்களாக, வாய்ச்சாலகர்களாக இருந்தாலும் இந்த விகிதம் மாறாது. வெளியாளிடம் விற்பனை இல்லையென்றால், அந்த ஆறில் ஐந்து பேரின் பணம்தான் மேலே இருப்பவர்களின் வருமானம்.

ஒரே ஒரு கம்பெனியா?

2015இல் வெம்மா என்ற ஊக்கபானக் கம்பெனி மீது எஃப்டிசி வழக்குப் போட்டது. அது குறிவைத்தது கல்லூரி மாணவர்களை. 2019இல் அட்வோகேர் 15 கோடி டாலர் கட்டியதோடு எம்எல்எம் முறையையே கைவிட வேண்டிவந்தது. அதன் டிஸ்ட்ரிபியூட்டர்களில் 72.3 சதவீதம் பேருக்கு 2016இல் ஒரு பைசாகூட வருமானம் இல்லை, இன்னொரு 18 சதவீதம் பேருக்கு வருடத்துக்கு ஒரு சென்ட்டிலிருந்து 250 டாலர் வரை என்பது அந்தப் புகாரில் உள்ள கணக்கு. 2024 செப்டம்பரில் எஃப்டிசி அலுவலர்கள் 70 எம்எல்எம் கம்பெனிகள் தாங்களே வெளியிட்ட வருமான அறிக்கைகளை எடுத்துப் படித்து முடிவுகளை வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு வருடத்துக்கு 1,000 டாலரோ அதற்கும் கீழோதான் கிடைத்தது. குறைந்தது 17 கம்பெனிகளில், சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு எதுவுமே இல்லை. சரக்குக்கும் பயணத்துக்கும் மீட்டிங்குக்கும் ஆன செலவை அந்த அறிக்கைகளில் பெரும்பாலானவை கழித்துக் காட்டவே இல்லை.

அந்த அறிக்கைகள் ரகசியம் அல்ல. பல கம்பெனிகளின் தளத்திலேயே ஏதோ ஒரு மூலையில், சின்ன எழுத்தில் இருக்கும். பிளான் காட்ட வருகிறவரிடம் அதை எடுத்து நீட்டி, 'இதில் நீங்கள் எந்த வரியில் இருக்கிறீர்கள்? போன வருடம் சங்கிலியில் இல்லாத ஆட்களுக்கு விற்ற ரசீது எத்தனை இருக்கும்?' என்று அமைதியாகக் கேட்கலாம். கோபமோ வாதமோ தேவையில்லை. அவரும் அநேகமாக நல்ல மனிதர்தான். அவருடைய நோட்டிலும் உங்கள் பெயர் ஏதோ ஒரு எண்ணில் இருக்கிறது. அந்தக் கேள்வியை அவரிடம் முன்னால் யாரும் கேட்காமல் இருந்திருக்கலாம்.

ஏற்கெனவே உள்ளே இருப்பவர் வீட்டில் இருந்தால், திட்டுவது பலன் தராது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். திட்டத் திட்ட அவர் மீட்டிங்குக்கு இன்னும் நெருக்கமாகப் போவார். நான் அந்தத் தப்பைச் செய்தேன். என் அக்காவைத் திருப்பியது எங்கள் பேச்சு எதுவும் அல்ல. ஒருநாள் அவளே உட்கார்ந்து மூன்று வருட வரவையும் செலவையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்தாள். பெட்ரோல், மீட்டிங் டிக்கெட், பெட்டிகள், எல்லாம். பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிக் கொடுத்தது மட்டும்தான் நான் செய்தது.

காசோலை

ஹெர்பலைஃப் கட்டிய 20 கோடி டாலர் 2017 ஜனவரியில் மக்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டது. ஏறக்குறைய 3,50,000 காசோலைகள். 2009க்கும் 2015க்கும் இடையில் அமெரிக்காவில் தொழில் நடத்தி, கம்பெனிக்குக் குறைந்தது 1,000 டாலர் கட்டி, பதிலுக்குச் சொற்பமே பெற்ற, அல்லது ஒன்றுமே பெறாதவர்களுக்கு. அவர்கள் விண்ணப்பம்கூடப் போட வேண்டியிருக்கவில்லை. யார் எவ்வளவு கட்டினார்கள், எவ்வளவு திரும்பப் பெற்றார்கள் என்பது கம்பெனியின் சொந்தப் பதிவேடுகளிலேயே இருந்தது. வெளியே விற்றதற்குத்தான் ரசீது இல்லை. உள்ளே கட்டியதற்கு ஒவ்வொரு டாலருக்கும் கணக்கு இருந்தது.

பெரும்பாலான காசோலைகளில் இருந்த தொகை 100லிருந்து 500 டாலர் வரை. சிலருக்கு 9,000 டாலருக்கு மேலும் கிடைத்தது. திரும்ப வந்தது போட்டதில் ஒரு பகுதிதான். ஆனாலும் அந்த உறையைப் பிரித்தவர்களில் எத்தனையோ பேருக்கு, தன்னைத் தவிர இன்னும் மூன்றரை லட்சம் பேர் இருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் முதல் தடவை தெரிந்திருக்கும்.